குலசேகரன்பட்டினம் தசரா வேடக் கவசங்கள்

குலசேகரன்பட்டினம் தசரா வேடக் கவசங்கள் என்பவை, தூத்துக்குடி மாவட்டம் திருச்செந்தூர் வட்டத்திலுள்ள குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசரா விழாவில், நேர்த்திக்கடனாக வேடம் புனையும் பக்தர்கள் அணியும் உறுப்புகளைக் குறிக்கும். கிரீடம், சடைமுடி, நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல், மார்புப் பதக்கம், கூடுதல் கைகள், ஆயுதங்கள் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இவை தனித்தனியே செய்யப்பட்டு, அணிபவரின் உடலளவுக்கு ஏற்பப் பூட்டப்படுகின்றன. ஒரு காலத்தில் மரத்தாலும் காகிதத்தாலும் தகரத்தாலும் ஆன இவ்வுறுப்புகள் இன்று பெரும்பாலும் ஃபைபரிலும் பிளாஸ்டிக்கிலும் வருகின்றன. மேலை நாடுகளில் அறிவியல் புனைகதைத் திரைப்படங்களின் கவச உடைகளைப் பிளாஸ்டிக் பாகங்களாக வாங்கிப் பூட்டி அணியும் வழக்கத்தோடு இவ்வழக்கம் ஒப்பிடத்தக்கது.

ஊரும் விழாவும்

குலசேகரன்பட்டினம் திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 13 கி.மீ. தொலைவில் உள்ள கடற்கரை ஊர். மக்கள் சுருக்கமாகக் குலசை என்பர். பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது அதனுள் வந்தது. இங்குள்ள கோவிலில் ஞானமூர்த்தீஸ்வரரும் முத்தாரம்மனும் ஒரே பீடத்தில் அமர்ந்துள்ளனர்.

நவராத்திரியின் முதல் நாள் கொடியேறுகிறது. அதன்பின் விரதம் இருப்போர் கையில் காப்புக் கட்டிக்கொள்கின்றனர். விரதம் 21, 41, 48 நாட்கள் என ஆளுக்கு ஆள் வேறுபடும். காளி வேடம் புனைவோர் கடுமையான விரதம் இருப்பர். காப்புக் கட்டியபின் வேடம் அணிந்து, தனியாகவோ தசராக் குழுவாகவோ ஊர் ஊராகச் சென்று காணிக்கை பெற்று, அதைக் கோவிலில் சேர்ப்பது மரபு. தாரை, தப்பட்டை முதலிய இசைக்கருவிகள் குழுவோடு செல்லும். பத்தாம் நாள் நள்ளிரவில் கடற்கரையில் மகிஷாசுரசம்ஹாரம் நடைபெறும். மறுநாள் காப்புக் களையப்படும்.

காளி, சிவன், முருகன், எமன், குறவன், குறத்தி, குரங்கு, கரடி, பிச்சைக்காரர், காவலர், மருத்துவர், செவிலியர் எனப் பலவகை வேடங்கள் உண்டு. பிச்சைக்காரர் வேடத்துக்குக் கிழிந்த துணியும் ஒரு தட்டும் போதும். காளி வேடத்துக்கோ தலையிலிருந்து கால்வரை பத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள் வேண்டும். ஆகவே கவசங்களின் வரலாறு பெரும்பாலும் காளி வேடத்தின் வரலாறாகவே அமைகிறது.

தொன்மைச் சான்று

மனிதர் ஒருவருக்குத் தெய்வத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பூட்டித் தெய்வமாகக் கொண்டுவரும் முறைக்குத் தமிழில் மிகப் பழைய சான்று சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் கிடைக்கிறது. எயினர் குலத்துக் குமரி ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் புனையும் காட்சி அது. அவளது கூந்தலை உயர்த்திக் கட்டி, பாம்புக்குட்டி போன்ற வெள்ளி நாணைச் சுற்றுகின்றனர். காட்டுப் பன்றியின் வளைந்த கொம்பைப் பிறை நிலவாகச் சூட்டுகின்றனர். புலிப்பல்லைக் கோத்துத் தாலியாக்குகின்றனர். புலித்தோலை இடையில் உடுத்துகின்றனர். கையில் வில்லைக் கொடுத்துக் கலைமான் மேல் ஏற்றுகின்றனர்.

இக்காட்சியில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, உறுப்புகள் அனைத்தும் அந்த நிலத்தில் எளிதில் கிடைத்தவை. பிறைக்குப் பன்றிக் கொம்பு பதிலாக நிற்கிறது. இரண்டாவது, கோலம் புனைபவள் அக்குலத்தின் தொல்குடியில் பிறந்த குமரி. பொருள் மாற்றாக இருக்கலாம், புனைபவரின் தகுதிக்கு மாற்று இல்லை என்னும் இந்த ஒழுங்கு குலசை வேடத்திலும் தொடர்கிறது.

தாமிரபரணிக் கரையின் நாட்டார் கோவில்களிலும் இதே ஒழுங்கைக் காணலாம். சுடலைமாடன் கோவில் கொடையில் சாமியாடி கச்சையும் மணிகள் தைத்த சல்லடமும் அணிந்து, தலையில் குல்லா வைத்து, கையில் வல்லயம் ஏந்துவார்.

கட்டையும் காகிதமும்

கூத்துக் கலைஞர்களே தமிழ்நாட்டில் அணியத்தக்க கவசம் செய்யும் நுட்பத்தை வளர்த்தவர்கள். வடதமிழ்நாட்டுக் கட்டைக்கூத்தில் கிரீடம், புயக்கட்டை, மார்புப்பதக்கம் ஆகியவை கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கப்படும். அவற்றின் மேல் வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டப்படும். விடிய விடிய ஆட வேண்டியிருப்பதால் எடை குறைவாக இருக்க வேண்டும், விளக்கொளியில் தொலைவிலிருந்தும் மின்ன வேண்டும். தஞ்சைப் பகுதியின் பொய்க்கால் குதிரையும் இதே வழியில் செய்யப்படுவது. இலேசான சட்டத்தின் மேல் காகிதமும் துணியும் ஒட்டி, ஆடுபவர் இடுப்பில் பொருத்திக்கொள்வார்.

தூத்துக்குடி வட்டாரத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தொடக்கத்தில் எமன், இரணியன், இராவணன், சனீஸ்வரன் வேடங்களில் நடித்தவர். விடியற்காலையில் சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்டு அஞ்சிய பெண் ஒருவர் உயிர்விட்டதாகவும், அதன்பின் அவர் வேடம் புனைவதை விட்டு நாடக ஆசிரியராக மட்டும் தொடர்ந்ததாகவும் கூறப்படுகிறது. வேடத்துக்கு இருந்த வலிமையை மக்கள் எவ்வாறு எண்ணினர் என்பதை இக்கதை காட்டுகிறது.

உறுப்புகளும் பூட்டும் முறையும்

காளி வேடத்தின் கட்டமைப்பில் தலை, முகம், உடல், முதுகு என நான்கு பகுதிகள் உள்ளன. தலையில் முதலில் துணியை இறுக்கிச் சுற்றுவர். அதன்மேல் சடைமுடியும் கிரீடமும் அமரும். துணி சரியாகச் சுற்றப்படாவிட்டால் கிரீடத்தின் எடை முழுவதும் நெற்றியில் விழும். முகத்தில் வண்ணம் பூசி, நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல் ஆகியவற்றைப் பொருத்துவர். மார்பில் பதக்கங்களும் மாலைகளும் வரும். கூடுதல் கைகளைத் தாங்கும் சட்டம் முதுகில் அமைந்து, தோள் வழியாகவும் இடுப்பு வழியாகவும் கட்டப்படும். முன்புறம் கிரீடமும் பின்புறம் கைகளும் இழுப்பதால், இரண்டுக்கும் இடையே எடைச் சமன் வேண்டும். ஆகையால் வேடம் கட்டிவிடுவதற்குப் பழகிய ஒருவரின் உதவி தேவைப்படும்.

விழாவின் முடிவில் வரும் மகிஷாசுரனும் பாகங்களால் ஆன உருவமே. ஒரே உடலில் தன்முகம், சிங்கமுகம், எருமைமுகம், சேவல் எனத் தலைகள் மாறும். திருச்செந்தூர்க் கந்தசஷ்டி சூரசம்ஹாரத்திலும் ஆனைமுகம், சிங்கமுகம், சூரன் முகம் என்று தலை மாற்றும் முறை உண்டு. தலையைக் கழற்றி மாற்றத்தக்க உடல் என்பது இவ்வட்டாரத்துக் குழந்தைகளுக்கும் தெரிந்த செய்தி.

பொருள் மாற்றம்

மரம், காகிதம், தகரம் ஆகியவற்றிலிருந்து ஃபைபருக்கு மாறியதற்குப் பல காரணங்கள் உள்ளன.

முதற்காரணம் மழை. தசரா செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ வருகிறது. வடகிழக்குப் பருவமழை நெருங்கும் காலம் அது. அட்டையும் காகிதமும் ஒரு மழையில் ஊறிப்போகும். இரண்டாவது எடை. நாள்முழுதும் நடந்து காணிக்கை பெறுவோருக்கு மரமும் தகரமும் சுமை. மூன்றாவது பாதுகாப்பு. இலட்சக்கணக்கில் மக்கள் கூடும் விழாவில் இரும்பாலான வேல், வாள், சூலம் ஆகியவற்றைக் கொண்டுவரக் காவல்துறை தடை விதிக்கிறது. இதனால் ஆயுதங்கள் அட்டைக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாறின.

ஃபைபர் உறுப்பு செய்ய, முதலில் களிமண்ணில் உருவம் செய்து அதிலிருந்து அச்சு எடுப்பர். அச்சினுள் கண்ணாடி இழைப் பாயை அடுக்கி, பிசினும் கெட்டியாக்கும் திரவமும் கலந்து பூசுவர். காய்ந்தபின் பிரித்தெடுத்து, ஓரம் வெட்டித் தேய்த்து வண்ணம் பூசுவர். ஓரம் சரியாகத் தேய்க்கப்படாவிட்டால் இழைத்துகள் தோலில் அரிப்பை உண்டாக்கும். மரம் செதுக்கும்போது ஒவ்வொரு கிரீடமும் புதிது. அச்சில் ஒரே முகம் பலமுறை பிறக்கும். விலையும் நேரமும் குறைந்ததால் வசதி குறைந்தோருக்கும் முழு வேடம் கைக்கெட்டியது. அதேவேளையில் செதுக்கும் கைகளுக்கு வேலை குறைந்தது. காற்றும் வியர்வையும் புகாத பிளாஸ்டிக்கின் வெப்பமும் அணிபவருக்குப் புதிய துன்பமானது.

விண்வெளிக் கவசத்தோடு ஒப்பீடு

இதே காலப்பகுதியில் உலகின் மறுகோடியில் வேறொரு கவசம் பரவியது. 1977இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் திரைப்படத்தில் ஸ்டார்ம்ட்ரூப்பர் எனப்படும் வெண்ணிற வீரர்கள் அணிந்த கவசம் பிளாஸ்டிக்கால் ஆனது. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இளக்கி, அச்சின் மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அச்சோடு ஒட்டி உருவம் பெறும். படத்துக்கான தலைக்கவசங்களை இம்முறையில் வார்த்தவர் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த். பிற்காலத்தில் அவர் அவற்றின் படிகளை விற்றபோது பட நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2011இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அத்தலைக்கவசம் சிற்பம் ஆகாது, படத்தயாரிப்பில் பயன்படும் ஒரு பொருளே என்று தீர்ப்பளித்தது.

இரசிகர்கள் இக்கவசத்தைப் பாகங்களாக வாங்கித் தாங்களே பூட்டுகின்றனர். வார்த்த தகடுகளின் மிகுதி ஓரங்களை வளைந்த கத்தரிக்கோலால் வெட்டி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கை, கால் பகுதிகள் முன்பாதி, பின்பாதி என இரண்டாக வரும். அவற்றை அணிபவரின் அளவுக்குக் குறைத்து, இணைப்பின் மேல் பட்டை வைத்துப் பசையிட்டு, பிடிப்பான்களால் அழுத்தி ஒருநாளேனும் காயவிட வேண்டும். வளைவு பொருந்தாத இடத்தை வெந்நீரில் நனைத்து வளைப்பர். பாகங்களை நாடாவும் அமுக்குப் பொத்தானும் கொண்டு இணைத்து, உள்ளே கறுப்பு உடை அணிவர். சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை இவ்வேலை நீளும்.

1997இல் அமெரிக்காவில் ஆல்பின் ஜான்சன் தொடங்கிய 501ஆம் படைப்பிரிவு என்னும் இரசிகர் அமைப்பு, கவசம் படத்தில் உள்ளதுபோல் இருந்தால் மட்டுமே ஒருவரை உறுப்பினராக ஏற்கிறது. உறுப்பினர்கள் தமக்கென ஊதியம் பெறாமல் மருத்துவமனைக் குழந்தைகளைக் காணவும் நன்கொடை திரட்டவும் கவசத்தோடு செல்கின்றனர்.

தமிழ்த் திரையில் எந்திரன் (2010) படத்தின் சிட்டி என்னும் எந்திர மனிதன் வழியாக இத்தகைய கவசம் ஊர்ப்புறத்துக்கும் அறிமுகமானது.

ஒற்றுமையும் வேற்றுமையும்

இரண்டு வழக்கங்களிலும் கடையில் வாங்கிய பாகங்கள் அப்படியே உடையாகிவிடுவதில்லை. உடலுக்கு ஏற்ப வெட்டிக் கட்டும் உழைப்பு வேண்டும். இரண்டிலும் வேடத்தோடு பிறருக்காகப் பொருள் திரட்டும் கடமை உள்ளது. இரண்டிலும் தகுதிக்கு ஓர் அளவுகோல் உண்டு. வேற்றுமை இந்த அளவுகோலில்தான் இருக்கிறது. 501ஆம் படைப்பிரிவு கவசத்தை அளந்து பார்க்கிறது. குலசையில் கவசத்தை எவரும் அளப்பதில்லை. காப்பும் விரதமுமே கேட்கப்படுகின்றன. நோய் தீரவும் குழந்தை வேண்டியும் நேர்ந்துகொண்டவர் எளிய வேடத்தில் வந்தாலும் அவரது காணிக்கை குறைவாக எண்ணப்படுவதில்லை.

இதனால்தான் ஃபைபர் கிரீடம் வந்தபோது அதற்குப் பெரிய எதிர்ப்பு எழவில்லை. எதிர்ப்பு எழுந்தது வேறிடத்தில். திரைப்படப் பாடல்களுக்கு ஆபாசமாக ஆடும் குழுக்கள் விழாவுக்குள் வந்தபோது வழக்குகள் தொடரப்பட்டு, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. எளிதில் கிடைக்கும் முழு வேடம், விரதம் இல்லாதவரையும் காளியாக்கிவிடுமே என்னும் கவலை மூத்தோரிடம் உண்டு. அக்கவலைக்கு மரபு வைத்திருக்கும் காவல் காப்பு நூல் ஒன்றே.

இன்றைய நிலை

குலசேகரன்பட்டினத்தில் இந்தியாவின் இரண்டாவது விண்வெளி ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சிறிய செயற்கைக்கோள்களைத் தெற்கு நோக்கிச் செலுத்த இவ்விடம் ஏற்றது. இதன் வழியாக, அறிவியல் புனைகதைகளில் மட்டும் படித்த விண்கலம் தசராக் கடற்கரையின் அண்டைப்பொருளாக ஆகவுள்ளது.

விழா முடிந்ததும் கடற்கரையில் குவியும் பிளாஸ்டிக் கழிவு அண்மைக்காலச் சிக்கல். காகிதக் கிரீடம் மண்ணோடு மட்கியது. ஃபைபர் மட்காது. எனினும் அது பல ஆண்டுகள் உழைக்கக்கூடியது. காப்புக் களைந்தபின் கிரீடத்தைத் துடைத்து, துணியில் சுற்றி வீட்டுப் பரணில் வைத்து அடுத்த ஆண்டும் பயன்படுத்துவோர் செலவையும் கழிவையும் ஒருசேரக் குறைக்கின்றனர்.