இரக்கம் மட்டும் போதுமா? ஊனமுற்றோர் பணியும் பயிற்சியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஜூபிலி ஆண்டை முன்னிட்டு வீடு சந்திப்புக்குச் சென்றபோது, ஒரு வீட்டின் உள்ளறையில், முப்பது வயது மகனைத் தன்னந்தனியாகத் தூக்கிக் குளிப்பாட்டிவரும் தாயொருவரைக் கண்டோம். ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவ்வீட்டுக்கு அரிசியும் போர்வையும் அனுப்பியவர்கள்தாம் நாம். ஆனால், "எப்படியம்மா தூக்குகிறீர்கள்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. "எனக்குப் பிறகு இவனை யாரய்யா தூக்குவார்கள்?" என்று அந்த அம்மா கேட்டார்கள். நம்மிடம் பதில் இல்லை. அக்கேள்வியை மனத்தில் கொண்டு நாம் தேடிப் படித்த வரலாற்றைப் பங்கு மக்களுக்கு இங்கே அளிக்கிறோம்.

திருச்சபையில் இப்பணி மிகப் பழமையானது. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி பேத்ரோ போன்சே தெ லெயோன், காது கேளாத பிரபுக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். ஆனால் அவர் கையாண்ட முறை பெரும்பாலும் அவரோடு மறைந்து போயிற்று. 1760-ஆம் ஆண்டளவில் பாரிஸ் மாநகரில் லெப்பே என்னும் குருவானவர் காது கேளாத ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவர் தம் முறையை மறைத்து வைக்கவில்லை. பலரும் காணும்படி பாடம் நடத்தினார். அயல்நாட்டிலிருந்து வந்தோரையும் ஆசிரியராகப் பயிற்றுவித்தார். 1789-இல் அவர் மறைந்த பின்னும் பணி நிற்கவில்லை. 1816-இல் அமெரிக்கரான தாமஸ் கேலடெட் அப்பள்ளிக்கு வந்து பயின்றார். அங்கேயே படித்து ஆசிரியரான, காது கேளாத லோரான் கிளேர் என்பவரையும் உடன் அழைத்துச் சென்று, 1817-இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் பள்ளி நிறுவினார். கற்றுக்கொடுக்கக் கற்பித்தவரின் பணியே கடல் கடந்தும் நிலைத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் 1880-களின் நடுவில் பம்பாயில் காது கேளாதோர் பள்ளிக்கு வித்திட்டவர் சேசு சபையைச் சேர்ந்த ஆயர் லியோ மொய்ரின் ஆண்டகை. 1887-இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் அம்மையாரும், 1890-இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையாரும் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினர். பாளையங்கோட்டையிலேயே ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளை ஏற்றார். 1893-இல் கல்கத்தாவிலும் ஒரு பள்ளி எழுந்தது.

வேலூரில் நடந்தது நம் நெஞ்சை உருக்குவது. 1954-இல் மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தாமே ஊனமுற்றிருந்தும், 'அனுபவம் போதும்' என்று அவர் இருந்துவிடவில்லை. மாணவியாகி மீண்டும் பயின்றார்!

நெடுங்காலம் இப்பணிக்கு நல்ல மனமே தகுதியாகக் கருதப்பட்டது. 1986-இல் இந்திய மறுவாழ்வுக் குழு அமைந்தது. 1992-இல் அதற்கெனச் சட்டம் பிறந்தது. சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், செயற்கை உறுப்பு வல்லுநர் போன்றோர் உரிய பயிற்சி பெற்றுப் பதிவு செய்ய வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. 2005-இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் தொடங்கிற்று. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களையே குறித்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைக் குறிக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர்.

பயிற்சியில் அப்படி என்னதான் கற்பிக்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். அசைய முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குப் படுக்க வைத்தபடி சோறூட்டினால் மூச்சுக் குழலுக்குள் உணவு போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுகச் சிறுக ஊட்ட வேண்டும். கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு விலகும். தூக்குபவருக்கும் முதுகு போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் தாமே செய்யக்கூடியதை அவரையே செய்யவிட்டுப் பொறுமையாய்க் காத்திருக்கவும் கற்க வேண்டும். அன்பு மிகுதியால் நாம் செய்யும் தவறுகள்தாம் எத்தனை!

இது தருமக் காரியம் மட்டுமன்று, தொழில். தொழிலுக்கு உரிய ஊதியமும் மதிப்பும் வேண்டும். படிப்பு முடித்து வேலை தேடும் நம் பங்கின் இளைஞர், இளம்பெண்கள் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஜூபிலி நினைவாகக் கல்வெட்டு நாட்டுவது நல்லதே. அத்துடன், பங்கின் செலவில் ஆண்டுதோறும் இருவரை இப்பயிற்சிக்கு அனுப்புவோமானால், அடுத்த ஜூபிலி மலர் எழுதுவோர் நம்மைப் பாராட்டுவர். அதைவிட முக்கியம், அந்த அம்மாவின் வீட்டுக்கு மறுமுறை செல்லும்போது, அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவரை நம்முடன் அழைத்துச் செல்லலாம்.