வீட்டுத் திரையரங்கு: படவீழ்த்தியும் திரையும் வளர்ந்த வரலாறு

வீட்டின் ஓர் அறையில் படவீழ்த்தி (புரொஜெக்டர்), திரை, ஒலிபெருக்கிகள் ஆகியவற்றை நிலையாக அமைத்துத் திரைப்படம் பார்க்கும் ஏற்பாடு வீட்டுத் திரையரங்கு எனப்படுகிறது. பேச்சு வழக்கில் ஹோம் தியேட்டர் என்கிறோம். இதற்காகப் பல லட்சம் ரூபாய் செலவிடுவோர் இன்று உண்டு. வாங்கச் செல்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது "எத்தனை லூமென்?" என்பதுதான். லூமென் என்பது படவீழ்த்தி வெளியிடும் ஒளியின் அளவு. படவீழ்த்தியின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், ஒளி போதவில்லை என்ற குறை வீட்டளவில் எப்போதோ தீர்ந்துவிட்டது என்பதும், திரையில் கறுப்பைக் காட்டுவதே இன்றுவரை நீடிக்கும் சிக்கல் என்பதும் தெரியவரும். படவீழ்த்தியால் ஒளியை மட்டுமே அனுப்ப முடியும், இருளை அனுப்ப முடியாது. அறையில் விளக்கு எரியும்போது வெறும் திரை எந்த நிறத்தில் தெரிகிறதோ, அதைவிடக் கறுப்பான ஒன்றை எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் அதில் காட்ட இயலாது.

மாய விளக்கும் வெள்ளித்திரையும்

படவீழ்த்தியின் முன்னோடி மாய விளக்கு. கண்ணாடியில் வரைந்த படத்தை விளக்கொளியும் வில்லையும் கொண்டு சுவரில் பெரிதாக்கிக் காட்டும் கருவி இது. நெதர்லாந்து அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகென்ஸ் 1659-ல் இதற்காக வரைந்த படங்கள் இன்றும் உள்ளன. தன் தலையைத் தானே கழற்றி எடுக்கும் ஓர் எலும்புக்கூடு அவற்றில் இருக்கிறது. ஒளியின் அலைக் கொள்கைக்காக நம் பாடநூல்களில் இடம்பெறும் அதே ஹைகென்ஸ்தான் இவர். ஆனால் இப்படியொரு வேடிக்கைப் பொருளோடு தம் பெயர் சேர்வதை அவர் விரும்பவில்லை. 1662-ல் பிரெஞ்சு அரசவையில் காட்டுவதற்காக அவருடைய தந்தை ஒரு விளக்கைக் கேட்டபோது மறுக்க முடியாமல் அனுப்பினார். கூடவே, அது வேலை செய்யாதபடி ஒரு வில்லையை எடுத்துவிடலாம் என்று தம்பி லோடவைக்குக் கடிதமும் எழுதினார்.

அக்காலத்தில் ஒளிக்கு இருந்தவை மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும் மட்டுமே. ஆகவே காட்சி சிறியதாக இருந்தது, அறை நன்றாக இருட்டாகவும் இருந்தாக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புக் கட்டியைச் சூடாக்கி ஒளிரச் செய்யும் முறை வந்தது. அதற்குப் பின் கார்பன் வில்விளக்கு வந்தது. ஒளியோடு ஆபத்தும் கூடியது. 1897 மே மாதம் பாரிஸ் நகரில் ஓர் அறக்கொடைச் சந்தையில் நடந்த திரைப்படக் காட்சியின்போது படவீழ்த்தியின் ஈதர் விளக்கிலிருந்து தீப்பற்றி 120-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஒளி குறைவு என்ற நிலையைச் சமாளிக்கப் பிறந்ததுதான் வெள்ளித்திரை. அலுமினியம் போன்ற உலோகத்தூள் கலந்த சாயத்தைத் திரையில் பூசினார்கள். அது ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடாமல் பார்வையாளர் பக்கமாகவே கூடுதலாகத் திருப்பியது. 'வெள்ளித்திரை' என்று நாம் இன்று திரைப்பட உலகத்துக்கே வழங்கும் பெயர் இந்தப் பூச்சிலிருந்து வந்தது. வெள்ளை நிறத்தைக் குறிக்கும் சொல் என்று வகுப்பில் மாணவர்கள் சொல்வதுண்டு. நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

படச்சுருள் வீட்டுக்கு வந்தது

தொடக்ககாலத் திரைப்படச் சுருள்கள் நைட்ரேட் என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை. அவற்றை வீட்டில் ஓட்டுவது அடுப்பங்கரையில் பெட்ரோல் வைத்திருப்பதற்கு ஒப்பாகும். தீப்பற்றாத அசிட்டேட் சுருள் வந்த பிறகே வீட்டுக் காட்சி பரவியது. 1922-ல் பிரான்சின் பாத்தே நிறுவனம் 'பாத்தே பேபி' என்ற கருவியை வெளியிட்டது. 9.5 மில்லிமீட்டர் அகலச் சுருள், கையால் சுழற்றும் பிடி, படத்துக்கும் படத்துக்கும் நடுவே ஒரே ஒரு துளை. சுருளின் விளிம்பில் ஓர் இடத்தில் சிறு வெட்டு இருந்தால் கருவி அங்கே சில நொடி நின்று அதே படத்தைக் காட்டும். எழுத்து அட்டைகளுக்குச் சுருள் வீணாகாமல் இருக்க இந்தச் சிக்கனம். அடுத்த ஆண்டே கோடாக் 16 மில்லிமீட்டரையும், 1932-ல் 8 மில்லிமீட்டரையும், 1965-ல் சூப்பர் 8 சுருளையும் கொண்டுவந்தது.

இந்தச் சிறிய கருவிகளின் ஒளியும் குறைவுதான். அதனால் மிக நுண்ணிய கண்ணாடி மணிகளை ஒட்டிய சுருட்டுத் திரைகள் வீடுகளில் பரவின. சாலைக் குறியீட்டுப் பலகை வண்டி விளக்கொளியில் பளிச்சிடுவதைப் போல, அவை ஒளியை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். படவீழ்த்தியின் அருகே அமர்ந்தவர்களுக்குப் படம் பளிச்சென்று இருக்கும், அறையின் ஓரத்தில் இருந்தவர்களுக்கு மங்கும்.

இங்கே ஓர் அடிப்படையைச் சொல்லிவிட வேண்டும். திரை எதுவும் ஒளியை உண்டாக்குவதில்லை. விழும் ஒளியை எந்தப் பக்கம் எவ்வளவு பங்கிடுவது என்பது மட்டுமே அதன் வேலை. எல்லாத் திசையிலும் சீராகச் சிதறடிக்கும் மங்கல் வெள்ளைத் திரையின் கெயின் 1 என்பது கணக்கு. கெயின் 2 என்றால் நேர் எதிரே இருப்பவருக்கு இரு மடங்கு ஒளி கிடைக்கும். அந்தக் கூடுதல் ஒளி பக்கவாட்டில் இருப்பவர்களின் பங்கிலிருந்து எடுக்கப்பட்டது. நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் மங்கலாகவும் தெரியும் குறையும் இத்தகைய திரைகளில் வரும். 1953-ல் சினிமாஸ்கோப் அறிமுகமானபோது படம் அகன்றதால் ஒளி போதாமல் போனது. அப்போது திரையரங்குகளும் இதே வழியை நாடி, உலோகப் பூச்சுள்ள உயர் கெயின் திரைகளை மாட்டின.

நான் பள்ளியில் படித்த 1970-களில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை 16 மில்லிமீட்டர் கருவியில் செய்திப்படம் காட்டுவார்கள். படம் போடுபவர் வந்ததும் முதலில் கேட்பது ஜமுக்காளம். ஜன்னல் ஒவ்வொன்றையும் மூடி, ஓட்டு இடுக்கில்கூடக் காகிதம் செருகிய பிறகே கருவியைத் திறப்பார். இந்த வரலாற்றைப் படித்தபோது அவர் நினைவு பலமுறை வந்தது.

மூன்று குழாய்களின் காலம்

தொலைக்காட்சிப் படத்தைத் திரையில் பெரிதாக்கும் முயற்சியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கிளாஸ். 1970-களின் தொடக்கத்தில் அவருடைய அட்வென்ட் நிறுவனம் 'வீடியோபீம் 1000' என்ற கருவியை விற்றது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று குழாய்களின் படங்கள் ஏழு அடி மூலைவிட்டமுள்ள திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். குழாய்களின் ஒளி மிகக் குறைவு என்பதால், உட்குழிந்த உயர் கெயின் திரையையும் அதனுடன் சேர்த்தே கொடுத்தார்கள். கருவியும் திரையும் ஒரே பொருளின் இரு பாகங்கள் என்று கருதி வடிவமைத்தது இதன் சிறப்பு. பின்னாளில் விற்பனை வசதிக்காக இரண்டும் பிரிந்தன. வாங்குபவர்கள் திரையைக் கடைசியில் நினைத்துக்கொள்ளும் பழக்கம் அதன் பிறகே வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1980, 90-களில் சோனி, பார்கோ போன்ற நிறுவனங்களின் மூன்று குழாய்ப் படவீழ்த்திகள் செல்வந்தர் வீடுகளில் இடம்பிடித்தன. பெரிய வகைகள் நூறு கிலோவையும் தாண்டின. மூன்று நிறங்களும் இம்மி பிசகாமல் பொருந்துமாறு ஒரு வல்லுநர் மணிக்கணக்கில் சரிசெய்ய வேண்டும். ஒளியோ சில நூறு லூமென் மட்டுமே. இத்தனை குறைகளோடும் அவற்றை விட மனமில்லாதவர்கள் பலர் இருந்தார்கள். குழாயின் ஓரிடத்தில் மின்னணுக் கற்றை படாவிட்டால் அவ்விடம் ஒளிர்வதே இல்லை. எனவே இரவுக் காட்சியில் வானம் உண்மையிலேயே கறுப்பாக இருந்தது.

கறுப்பு சாம்பலானது

அடுத்து வந்த எண்ணியல் படவீழ்த்திகளில் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். படத்தின் இருண்ட பகுதிகளில் அந்த ஒளியைத் தடுத்து நிறுத்த வேண்டும். 1989 முதல் விற்பனைக்கு வந்த திரவப் படிக (எல்சிடி) வகையில் ஒளி ஓரளவு கசிந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987-ல் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லைக் கொண்ட டிஎல்பி கருவிகள் 1996-ல் வந்தன. லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து ஒளியைத் திரைக்கோ ஓரத்துக்கோ திருப்பின. படம் கூர்மையாக இருந்தது. ஆனால் ஒரே சில்லும் சுழலும் நிறச் சக்கரமும் உள்ள வகைகளில் சிலர் கண்ணுக்கு வானவில் கோடுகள் தெரிந்தன. இவ்விரு வகைகளிலும் தொடக்ககாலக் கருவிகளின் கறுப்பு வெளிறிய சாம்பல்தான்.

இந்தக் குறைக்கு மருந்தாக வந்தது சாம்பல் நிறத் திரை. உயர்ந்த கெயின் தேடி நூறாண்டு அலைந்தவர்கள் 2000-களின் தொடக்கத்தில் கெயினை வேண்டுமென்றே குறைத்தார்கள்! வெள்ளையும் கறுப்பும் ஒரே விகிதத்தில் மங்கினாலும், கசியும் ஒளி கண்ணுக்குத் தெரிவது குறைந்தது. திரையிலிருந்து சுவருக்குச் சென்று மறுபடி திரைக்கே திரும்பும் ஒளியும் கட்டுப்பட்டது.

கருவியின் பக்கம் விடை தந்தது, சிலிக்கன் சில்லின் மேல் திரவப் படிகத்தை அமைத்து ஒளியை எதிரொளிக்கச் செய்யும் முறை. ஜேவிசி இதை டி-ஐஎல்ஏ என்றும் சோனி எஸ்எக்ஸ்ஆர்டி என்றும் அழைக்கின்றன. மிகப் பிரகாசமான வெள்ளைக்கும் மிக இருண்ட கறுப்புக்கும் உள்ள விகிதம் (கான்ட்ராஸ்ட்) இதில் பத்தாயிரங்களை எட்டியது. 2011-ல் சோனி அறிமுகம் செய்த விபிஎல்-விடபிள்யூ1000இஎஸ் 4096 × 2160 புள்ளிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் வந்த லேசர் ஒளிமூலம், சில ஆயிரம் மணி நேரத்துக்கு ஒருமுறை விளக்கு மாற்றும் வேலையை ஒழித்தது.

ஒரு சிறு கணக்கு

மேல்நிலை வகுப்பு இயற்பியல் அளவிலேயே இதைச் சரிபார்க்கலாம். எண்ணியல் திரையரங்குகளுக்கான திரை வெளிச்சத்தின் தரநிலை 48 நிட், அதாவது சதுர மீட்டருக்கு 48 கேண்டிலா. வீட்டில் 120 அங்குல மூலைவிட்டமும் 16:9 வடிவமும் கொண்ட திரை 2.66 மீட்டர் அகலம், 1.49 மீட்டர் உயரம், ஏறத்தாழ 4 சதுர மீட்டர் பரப்பு உடையது. கெயின் 1 எனில் தேவைப்படும் ஒளி 48 × 3.14 × 4, சுமார் 600 லூமென். பெட்டியில் 2000, 3000 என்று அச்சிட்டிருப்பதில், நிறங்களைச் சரிசெய்த பின் பாதி கிடைத்தாலும் இதற்குப் போதும்.

இனி அறைக்கு வருவோம். கதவிடுக்கில் நுழையும் வெளிச்சத்தால் திரைமீது 10 லக்ஸ் விழுகிறது என்று கொள்வோம். அதனால் மட்டுமே திரை 10 ÷ 3.14, சுமார் 3.2 நிட் ஒளிரும். கறுப்பு இனி 3.2 நிட்டுக்குக் கீழே இறங்காது. விகிதம் வெறும் 16. கருவியின் விளம்பரத்தில் ஒரு லட்சம் என்று இருந்தாலும் அறையில் கிடைப்பது இவ்வளவுதான். இரு மடங்கு ஒளி தரும் விலை கூடிய கருவியை வாங்கினால் இது 31 ஆகும். அதற்குப் பதிலாகத் தடித்த திரைச்சீலையால் 10 லக்ஸை 1 லக்ஸாகக் குறைத்தால் பழைய கருவியிலேயே 150-ஐத் தாண்டும்.

உறவுக்காரப் பையன் ஒருவன் வெள்ளைச் சுவரும் பளபளக்கும் தரையோடும் கொண்ட கூடத்தில், கடனுக்கு ஒரு பெரிய படவீழ்த்தியை வாங்கி மாட்டினான். இரண்டு மாதத்தில் வீட்டார் பழைய டிவிக்கே திரும்பிவிட்டார்கள். கருவியில் குறையில்லை. திரையில் பட்ட ஒளியே சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பி வந்து இருண்ட பகுதிகளை வெளுக்கச் செய்தது. பிறகு திரையை ஒட்டிய சுவர்களுக்கும் மேற்கூரைக்கும் பளபளப்பில்லாத கருஞ்சாம்பல் சாயம் அடித்து, தரையில் கருநிற விரிப்பைப் போட்டான். இப்போது மாதத் தவணை வீணாகவில்லை என்கிறான்.

ஆகவே தேர்வு செய்யும் வரிசை அறை, திரை, கருவி என்று அமைவது நல்லது. முழுதும் இருட்டாக்கக்கூடிய அறைக்குக் கெயின் 1 அளவிலான வெள்ளைத் திரையும், கான்ட்ராஸ்ட் மிகுந்த சிலிக்கன் சில்லு வகைப் படவீழ்த்தியும் பொருந்தும். கான்ட்ராஸ்ட் எண்ணைப் பார்க்கும்போது, காட்சிக்கேற்ப ஒளித்துளையைச் சுருக்கியோ லேசரை மங்கச் செய்தோ பெற்ற எண்ணை விட்டுவிட்டு, சில்லின் இயல்பான எண்ணைக் கேட்க வேண்டும். இன்றைய எச்டிஆர் படங்கள் 1000 நிட், சில 4000 நிட் வரை கருதித் தயாரிக்கப்படுகின்றன. நூறு நிட்டை எட்டுவதே அரிதான படவீழ்த்தி அவற்றைச் சுருக்கியே காட்ட முடியும். அந்தச் சுருக்கலை எவ்வளவு திறமையாகச் செய்கிறது என்பதை இருண்ட அறையில் ஓட்டிப் பார்த்துத்தான் அறியலாம்.

இருட்டாக்க இயலாத கூடத்துக்கு, சுவரோரம் வைக்கும் குறுந்தொலைவு லேசர் கருவியும் வரிவரியான மேற்பரப்புள்ள திரையும் உள்ளன. அத்திரை கீழிருந்து வரும் கருவியின் ஒளியைப் பார்வையாளர் பக்கம் திருப்பி, மேலிருந்து விழும் விளக்கொளியை உறிஞ்சிக்கொள்கிறது. ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் வரும் வெளிச்சத்தை அது அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. அதற்குத் திரைச்சீலைதான் வேண்டும்.