தூளிக்கு வலை தைத்த கதை

இந்தக் குளிர்காலத்தில் ஹத்தா மலைப்பக்கம் கேம்பிங் போகிறீர்களா? கொசுவலை வைத்த ஹேமக் ஒன்றை நீங்களே தைத்துப் பாருங்கள். பாட்டி வீட்டு விட்டத்தில் சேலையில் கட்டும் தூளிக்கு அது அண்ணன் முறை.

ஹேமக் என்பது கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் தந்த சொல். 1492இல் கொலம்பஸ் அங்கே போன பிறகு அது ஐரோப்பியக் கப்பல்களில் ஏறியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை, கொசுவலையும் மழைக்கூரையும் சேர்த்துத் தைத்த ஹேமக்கைக் காட்டுக்குக் கொண்டுபோனது. அங்கே எதிரியைப் போலவே மலேரியாவும் ஆட்களைச் சாய்த்தது.

அந்த நோய்க்கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்ட் ராஸ் 1897இல் கண்டார். கண்ட இடம் நம் செகந்திராபாத்.

அமீரகத்திலும் மலேரியா இருந்தது. கொசு வளரும் நீர்நிலைகளைத் தேடித் தேடிக் கட்டுப்படுத்தினார்கள். நோயாளிகளைக் கண்டறிந்து குணமாக்கினார்கள். 2007இல் உலக சுகாதார நிறுவனம் இதை மலேரியா இல்லாத நாடு என்று சான்றளித்தது.

அப்படியானால் வலை எதற்கு? நோய் போனது, கொசு போகவில்லை. வெளியிலிருந்து கிருமி வந்தால் அதைப் பரப்பக் கொசு தயார். ஊருக்குப் போய்வந்து காய்ச்சல் கண்டால், எங்கே போனீர்கள் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தைக்கும்போது அடித்துணியை இரண்டு மடிப்பாக வையுங்கள். முதுகில் ஒட்டி இழுபட்டிருக்கும் மெல்லிய துணி வழியாகவும் கொசு கடிக்கும். வலை முகத்தில் படாமல் மேலே ஒரு கயிற்றில் தொங்கட்டும்.