பூட்டும் இணைப்பும்: நிரற் பதிப்புகளின் முரண் தீர்த்த வரலாறு

ஒரே நிரற்கோப்பை இருவர் ஒரே வேளையில் திருத்த முற்படின் எவர் திருத்தம் நிலைபெறும் என்பது கணனி வரலாற்றிலே நெடுநாள் நின்ற வினாவாகும். 1972 ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்திலே மார்க் றொச்கைன்ட் ஆக்கிய எஸ்.சீ.சீ.எஸ். முறைமை கண்ட விடை பூட்டு. ஒருவர் திருத்தவென எடுத்த பதிப்பை, அவர் திருப்பித் தரும்வரை ஏனையோர் திருத்தலாகாது. பேர்டியூ பல்கலைக்கழகத்திலிருந்து 1982 இல் வெளிவந்த ஆர்.சீ.எஸ். முறைமையும் பெரும்பாலும் இவ்வழியே சென்றது. முரண் எழ இடமில்லை. ஆனால், பூட்டியவர் வீடு சென்றுவிடின் பிறர் கைகட்டி இருக்க வேண்டியதுதான்.

இந்நிலையை மாற்றியது பெருங் கோட்பாடொன்றன்று; வேலைநேரப் பொருத்தமின்மையே. அம்ஸ்ரடாம் சுதந்திரப் பல்கலைக்கழகத்து விரிவுரையாளர் டிக் கிறூன், தம் மாணவர் இருவருடன் 1984–85 காலப்பகுதியில் சீ மொழிக்கான தொகுப்பியொன்றை உருவாக்கினார். மாணவருள் ஒருவர் அலுவலக நேரம் தவறாதவர்; மற்றவருக்கு நேரவொழுங்கே இல்லை; ஆசிரியருக்கோ மாலைப்பொழுதே வாய்த்தது. ஒருவருக்காக மற்றவர் காத்திராது உழைக்கவென அவர் எழுதிய கட்டளைத் தொகுதியே 1986 இல் வெளியான சீ.வீ.எஸ். மாணவன் கையிலிருக்கும் கோப்பை ஆசிரியரும் அதே வேளையில் திருத்தலாம், ஆசிரியர் கையிலிருப்பதை மாணவனும் திருத்தலாம் என்ற அத்துணிவு, நுட்பத்தினும் பெரிதென்பேன்.

துணிவுக்கு விலையும் உண்டு. பிரிந்து சென்ற இரு பிரதிகளையும் அவற்றின் பொது மூலத்தையும் கணனி வரிக்கு வரி ஒப்பிடும். ஒன்றில் மட்டும் மாறிய வரியை ஏற்கும். இரண்டிலும் வெவ்வேறாக மாறியவற்றை அடையாளக் குறிகளுக்கிடையே நிறுத்தி, முடிவை மனிதரிடம் விடும். பாடபேதங் கண்ட பதிப்பாசிரியரின் நிலை இது. எனினும், பேராபத்து கணனி அறிவித்த முரணிலன்று, அறிவியாத முரணிலேயே உள்ளது. ஒருவர் செயற்கூறொன்றின் பெயரை மாற்ற, மற்றவர் வேறொரு கோப்பில் பழைய பெயராலேயே அதனை அழைப்பாராயின், வரிகள் மோதுவதில்லை, இணைப்பு இனிதே நிறைவேறும், நிரலோ இயங்காது.

லினக்ஸ் கருவை ஆக்குவோர் கையாண்ட பிற்கீப்பர் முறைமையின் இலவசப் பயன்பாட்டுரிமை 2005 இல் மீளப்பெறப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலிலேயே லினஸ் தோர்வல்ட்ஸ் 'கிற்' முறைமையை எழுதத் தொடங்கினார். ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்க, இணைப்பு அன்றாடக் கருமமாயிற்று. நெடிது வாழும் கிளைகளில் அதே முரண் மீள மீள எழுவதால், 2006 இல் 'ரெரெரெ' என்னும் கட்டளை சேர்ந்தது. மனிதர் ஒருமுறை தந்த தீர்வை அது பதிந்துவைத்து, அதே முரண் மீண்டும் தோன்றுங்கால் தானே இடும். தீர்வு பிழையெனின் பிழையையும் அவ்வாறே இடும். ஆதலின், இட்டதை உடனே உறுதிசெய்யாது, பார்வையிடுவதற்கென நிறுத்திவைப்பதே அதன் இயல்பான ஒழுங்கு. தவறாகப் பதிந்த தீர்வை மறக்கச் செய்யும் வசதி பின்னரே சேர்க்கப்பட்டது.