இராமமூர்த்தி ரமேஷ்

இராமமூர்த்தி ரமேஷ் (பிறப்பு: 1960) இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கப் பொருளறிவியலாளரும் இயற்பியல் பேராசிரியரும் ஆவார். நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடுப் படலங்கள், ஸ்பின்ட்ரானிக்ஸ் எனப்படும் தற்சுழற்சி மின்னணுவியல் ஆகியவை இவரது முதன்மை ஆய்வுத் துறைகளாகும்.

கல்வியும் பணியும்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் இளநிலைப் பட்டமும் (1980), பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உலோகவியல் பட்டமும் (1983), பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் (1987) பெற்றார். பெல்கோர் ஆய்வகத்தில் பணியாற்றியபின் 1995இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்திலும், 2004இல் பெர்க்லியிலும் பேராசிரியரானார். 2022இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சித் துணைத்தலைவராகப் பொறுப்பேற்றார்.

தற்சுழற்சி ஆய்வுகள்

வழமையான மின்னணுக் கருவிகள் எதிர்மின்னியின் மின்னூட்டத்தை மட்டுமே பயன்படுத்துகின்றன. எதிர்மின்னிக்குத் தற்சுழற்சி என்னும் காந்தப் பண்பும் உண்டு. அதன் இரு திசைகளை 0, 1 எனக் கொண்டு தகவலைச் சேமிப்பது தற்சுழற்சி மின்னணுவியலின் அடிப்படையாகும்.

காந்தப்புலத்தில் மாங்கனீசு ஆக்சைடுப் படலங்களின் மின்தடை ஆயிரம் மடங்கு மாறுவதை 1994இல் வெளியிட்ட குழுவில் ரமேஷும் ஒருவர். இவ்வகைப் பொருள் ஒன்றில், தாழ்ந்த வெப்பநிலையில், மின்னோட்டத்திற்குக் காரணமான எதிர்மின்னிகள் அனைத்தும் ஒரே தற்சுழற்சி கொண்டிருப்பதை 1998இல் இவர் பங்கேற்ற குழு காட்டியது.

பிஸ்மத் ஃபெரைட்

காந்தத்தின் திசையை மின்னோட்டத்தால் திருப்பும்போது வெப்பமாக ஆற்றல் வீணாகிறது. மின்னழுத்தத்தால் மட்டும் திருப்ப முடியுமானால் இவ்விழப்பு பெருமளவு குறையும். இதற்கு, நிலையான மின்முனைவும் காந்த ஒழுங்கும் ஒருங்கே அமைந்த பொருள் தேவை. பிஸ்மத் ஃபெரைட் அறை வெப்பநிலையிலேயே இவ்விரு பண்புகளையும் கொண்டது. 2003இல் ரமேஷின் குழு உருவாக்கிய இதன் மென்படலம், அதுவரை பருப்பொருளில் அளக்கப்பட்டதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு மின்முனைவைக் காட்டியது. இதன்பின் இத்துறை ஆய்வுகள் உலகெங்கும் பெருகின. 2014இல் இப்படலத்தின் மேல் அமைந்த காந்த அடுக்கை அறை வெப்பநிலையில் மின்புலத்தால் 180 பாகை திருப்பிக் காட்டினர். இதற்குத் தேவைப்பட்ட ஆற்றல் தற்சுழற்சி மின்னோட்ட முறைக்குத் தேவையானதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. 2018இல் இன்டெல் ஆய்வாளர்களுடன் இணைந்து இவ்விளைவின் அடிப்படையில் ஏரணச் சுற்று ஒன்றை முன்மொழிந்தார். பெருகிவரும் கணினிகளின் மின்நுகர்வைக் குறைப்பதே இதன் நோக்கமாகும்.

பொதுப்பணியும் சிறப்புகளும்

சூரிய மின்சாரத்தின் விலையைக் குறைக்க 2011இல் அமெரிக்க அரசு தொடங்கிய சன்ஷாட் திட்டத்தின் முதல் இயக்குநராக இருந்தார். அமெரிக்க இயற்பியல் கழகத்தின் மெக்ராடி பரிசு (2010) பெற்றார். 2011இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாதமி உறுப்பினராகவும், 2020இல் இலண்டன் அரச கழக உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.