தேசியக் கொடி ஒழுங்கும் மலையக மக்களும்: கொத்மலையை முன்வைத்து ஒரு நோக்கு

வாகனத்திலும் சீருடையிலும் தேசியக் கொடியைத் தாங்கும் முறை வெறும் சடங்கொழுங்கு எனக் கருதப்படுவதுண்டு. ஆயின், அவ்வொழுங்குகளை ஆராயுமிடத்து இரு வினாக்கள் அவற்றுள் அடங்கியிருத்தல் புலனாகும். கொடியை எவ்வாறு தாங்குவது என்பது ஒன்று. தாங்கும் உரிமை யாருக்குரியது என்பது மற்றொன்று. இரண்டாவது வினாவின் கூர்மையை இலங்கை மலையகப் பெருந்தோட்ட மக்களின் வரலாறு நன்கு உணர்த்துகின்றது.

இவ்வினாக்களுக்கு அண்டை நாடான இந்தியா விதிகளாலேயே விடை வகுத்துள்ளது. அந்நாட்டின் 2002ஆம் ஆண்டுக் கொடி விதிகளின்படி, குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர், அமைச்சர், நீதிபதி முதலிய குறிப்பிட்ட பதவியினரே காரிற் கொடி பறக்கவிடலாம். கொடித்தண்டு முன்மூடியின் நடுவிலோ வலப்புற முன்பக்கத்திலோ உறுதியாகப் பொருத்தப்படல் வேண்டும். வாகனத்தைக் கொடியாற் போர்த்தலாகாது. 1971ஆம் ஆண்டின் தேசிய மரியாதைச் சட்டத்திற்கு 2005இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், இடுப்பிற்குக் கீழ் அணியும் உடையிலோ சீருடையிலோ கொடியைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. ஆக, காரிற் பறக்கும் கொடி வாகனத்தைச் சிறப்பிப்பதன்று. அரசு வழங்கிய பதவியையே அது அறிவிக்கின்றது.

இனி இலங்கைக் கொடியை நோக்குவோம். பச்சை, செம்மஞ்சள் ஆகிய இரு கோடுகளும் தண்டையொட்டி அமைந்துள்ளன. வாளேந்திய சிங்கம் அவற்றை நோக்கி நிற்கின்றது. எனவே, ஓடும் வாகனத்தில் கோடுகளே முன்செல்கின்றன, சிங்கம் பின்தொடர்கின்றது. இவ்வமைப்புக்கு ஒரு வரலாறு உண்டு.

சிங்களவரின் மரபு சிங்கக் கொடியைத் துட்டகைமுனுவோடு இணைக்கின்றது. அவன் இளமையில் தந்தைக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்த இடம் கொத்மலை என்பது அப்பகுதியின் ஐதிகம். கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனோ தென்னிந்திய நாயக்கர் வழியினன். 1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி ஒப்பந்தத்தோடு அவனது ஆட்சி முடிவுற்றது. அவன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டான். 1948 ஜனவரியில் அம்மன்னனின் கொடியையே சுதந்திர இலங்கையின் கொடியாக ஏற்குமாறு பாராளுமன்றத்திற் பிரேரித்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் சின்னலெப்பை என்பது குறிப்பிடத்தக்கது. சிறுபான்மையினரின் ஐயங்களை ஆராயக் கொடிக்குழுவொன்று நியமிக்கப்பட்டது. அக்குழு முஸ்லிம்களுக்குப் பச்சைக் கோட்டையும் தமிழருக்குச் செம்மஞ்சட் கோட்டையும் சேர்க்கப் பரிந்துரைத்தது. குழு உறுப்பினரான செனற்றர் எஸ். நடேசன் அதற்கு உடன்பட மறுத்தார். 1951 மார்ச் 2ஆந் திகதி பாராளுமன்றம் இக்கொடியை ஏற்றது.

அந்நாளில் கொத்மலை, பூண்டுலோயா, இறம்பொடை, அற்றன் முதலிய பகுதிகளிலே தேயிலைக் கொழுந்து பறித்தோரின் நிலை யாது? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் இந்திய வம்சாவளி மக்களைப் பிரசைகளல்லாதோர் ஆக்கியிருந்தது. 1949இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. 1947 பொதுத்தேர்தலில் ஆசனங்களை வென்ற இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1952இல் ஓர் ஆசனத்தையேனும் பெறவில்லை. கொடியிற் செம்மஞ்சட் கோடு இடம்பெற்றது. அக்கோட்டின் மொழியைப் பேசிய தோட்டத் தொழிலாளிக்குப் பிரசைகளின் பதிவேட்டில் இடமிருக்கவில்லை. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974 வரை தள்ளிப்போயிற்று. மக்கள் எண்களாகக் கணக்கிடப்பட்டனரேயன்றி, அவர்தம் விருப்பம் கேட்கப்படவில்லை.

1978இல் சௌ. தொண்டமான் அமைச்சரானார். தோட்ட மக்களின் தலைவர் ஒருவர் அரசின் உயர்பீடத்தில் அமர்ந்தமை வரலாற்றுத் திருப்பமே. எனினும், அவரைத் தலைவராகக் கொண்ட மக்களுட் பலர் அன்றும் நாடற்றோராகவே இருந்தனர். 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே அந்நிலையை நீக்கின. பதவி ஒருவருக்குக் கிட்டுவதும் உரிமை ஒரு மக்கட் கூட்டத்திற்குக் கிட்டுவதும் ஒன்றல்ல என்பதற்கு இடைப்பட்ட ஆண்டுகளே சான்று.

2015 ஏப்ரலில் கொழும்பில் இலஞ்ச ஆணைக்குழுவின் முன்னால் நடந்த ஆர்ப்பாட்டத்திற் கோடுகள் நீக்கப்பட்ட கொடிகள் ஏந்தப்பட்டன. கொடியைத் தலைகீழாகப் பிடித்தலும் வாகனத்தின் மீது போர்த்தலும் ஒழுங்கீனமெனின், அதிலிருந்து ஒரு மக்களை அகற்றுதல் எத்தகையது? ஆயினும், துணியிலிருந்து கோட்டை நீக்கியதைக் கண்டிப்போர், பதிவேட்டிலிருந்து மக்களை நீக்கிய சட்டத்தையும் அதே அளவுகோலால் அளத்தல் வேண்டும். கொடியின் மாண்பு தண்டு பொருத்தும் இடத்தால் மட்டும் காக்கப்படுவதன்று. அதன் கீழ் வாழ்வோர் அனைவரும் அதனைத் தம்முடையதெனக் கொள்ளத்தக்க உரிமையாலேயே அது நிலைபெறும்.