ஸ்ரீபெரும்புதூரைத் தேடுவது எப்படி?

இன்னைக்கு ஹெட்போன் மட்டும் போதாது, போனையும் கையில வச்சுக்கோங்க. தேடுபொறியில் 'ஸ்ரீபெரும்புதூர் வரலாறு' என்று அடிச்சுப் பாருங்க.

நான் அடிச்சா பெரும்பாலும் மூணு கதைதான் வருது. 1017-ல் ராமானுஜர் இங்கே பிறந்தார். 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி இங்கே கொல்லப்பட்டார். அப்புறம் தொழிற்சாலைகள்: 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி, 2006-ல் நோக்கியா, 2014 நவம்பரில் அந்த நோக்கியா ஆலைக்குப் பூட்டு. 'ஒரகடம்' என்று அடிச்சா நிலைமை இன்னும் மோசம். பக்கம் பக்கமா பிளாட் விளம்பரம்.

சரி, 1017-க்கும் 1991-க்கும் நடுவுல 974 வருஷம் இருக்கே. அப்போ இங்கே யாருமே இல்லையா?

இருந்தாங்க. அவங்களைப் பத்தின பதிவும் இருக்கு, அதுல நிறைய இணையத்திலேயே இருக்கு. ஆனா நாம கேட்கிற வார்த்தையில் அது இல்லை. இந்த நெடுஞ்சாலையைச் சுற்றி ஏகப்பட்ட பொறியியல் கல்லூரிகள். "நெட்ல தேடி எழுதிட்டு வா" என்று எல்லாரும் சொல்றோம். எப்படித் தேடணும்னு சொல்லித் தருவது ரொம்பக் குறைவு.

சொல்லித் தந்த ஒருத்தர் நம்ம ஊர்லயே இருந்தார். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் போனார். அப்போது புத்தகங்களை அடுக்கப் பரவலாக இருந்த டூயி முறையில், ஒவ்வொரு துறைக்கும் எண்ணை முன்கூட்டியே பட்டியல் போட்டு வச்சிருப்பாங்க. புதுசா ஒரு பொருள் வந்தா அதுக்கு இடம் தேடி அலையணும்.

லண்டனில் ஒரு கடையில் 'மெக்கானோ' பொம்மையைப் பார்க்கிறார் ரங்கநாதன். அதே சில துண்டுகள், மாத்தி மாத்திப் பூட்டினா கார், கிரேன், பாலம். ஒரு புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாப் பிரிச்சுப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து வந்ததுதான் 1933-ல் வெளியான கோலன் பகுப்பு முறை. பின்னாளில் அந்தத் துண்டுகளை அவர் ஐந்தாக வகுத்தார்: மையப்பொருள், அது எதனால் ஆனது, அதில் நடக்கும் செயல், இடம், காலம்.

என்னைக் கேட்டா, நல்ல தேடலுக்கு இன்னைக்கும் இதுதான் பாடம். கேள்வியை அப்படியே பெட்டியில் கொட்டாதீங்க. முதல்ல பிரிங்க. அப்புறம் ஒவ்வொரு துண்டையும் அந்தக் காலத்து ஆட்கள் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கனு கேளுங்க.

இடத்தில் ஆரம்பிப்போம். வைணவ நூல்களில் இந்த ஊர் 'பூதபுரி'. தமிழில் 'திருப்பெரும்பூதூர்' என்றும் எழுதுவாங்க. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புத்தகங்களில் இன்னொரு வடிவம் இருக்கு: 'ஸ்ரீபெர்மட்டூர்'. எழுத்துக்கூட்டிச் சொல்றேன்: எஸ்-ஆர்-ஐ-பி-இ-ஆர்-எம்-ஏ-டி-யூ-ஆர். இதை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, கூகுள் புக்ஸில் காலத்தை 1900-க்கு முன் என்று வையுங்க. கார் கம்பெனி எல்லாம் மறைஞ்சுடும். புவியியல் ஆய்வாளர்கள் வருவாங்க.

அதில் முக்கியமானவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தாரே, அவரேதான். பாலாற்றுக்கு வடக்கே உள்ள நிலத்தைப் பற்றிய அவருடைய விரிவான அறிக்கை 1873-ல் வந்தது. இந்தப் பகுதியின் பாறை அடுக்குகளுக்கே புவியியலில் இந்த ஊர்ப் பெயர்தான். அவற்றில் பத்து கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய இலைகளின் தடங்கள் இருக்கு, கடல் உயிரினங்களின் புதைபடிவங்களும் இருக்கு. கன்டெய்னர் லாரி ஓடுற இந்த இடத்தில் ஒரு காலத்தில் கடல் வந்து போயிருக்கு. ஒரு எழுத்துக்கூட்டலை மாத்தினதுக்கு இவ்வளவு கிடைக்குது.

அடுத்து காலம். 1763-ல் ஆற்காடு நவாப் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதனால் கம்பெனிக் கோப்புகளில் இது 'ஜாகீர்', பிறகு 'சிங்கிள்புட்'. செங்கல்பட்டு என்று இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் பல கோப்புகள் சிக்காது. 'ஜாகீர்' கூட 'பர்னார்டு' என்று சேருங்க. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை இங்கே ஊர் ஊராக எடுத்த கணக்கு பத்தின ஆய்வுகள் வரும். சுமார் 2,000 ஊர்கள். வீடு எத்தனை, ஏரி குளம் எத்தனை, யார் என்ன தொழில், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இருக்கு. இதை நம் காலத்தில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் ஆய்வாளர் தரம்பால்.

மூணாவதா ஒரு கேள்வியும் சேர்த்துக்கணும்: எழுதினது யார்? 1780 செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில், கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையைத் திப்பு சுல்தானும் ஹைதர் அலியும் நொறுக்கினாங்க. 'பொள்ளிலூர்' என்று தேடினால் ஆங்கிலேயர் எழுதிய பேரழிவுக் கதை வரும். 'தரியா தௌலத்' என்று சேர்த்தால், ஸ்ரீரங்கப்பட்டண மாளிகைச் சுவரில் அதே போர் வெற்றி ஓவியமாக நிற்கும். ரெண்டையும் பார்த்தவனுக்குத்தான் போர் புரியும்.

சில நடைமுறை விஷயம். ஒரகடம் என்ற பெயரில் அம்பத்தூர் பக்கமும் ஒரு ஊர் உண்டு, திருக்கழுக்குன்றம் பக்கமும் ஒண்ணு உண்டு. அதனால தாலுகா பேரைச் சேருங்க. பிளாட் விளம்பரத்தை விரட்ட, அந்த வார்த்தைக்கு முன்னாடி இடைவெளி விடாம ஒரு மைனஸ் குறி போடுங்க. ஏஐ சாட்பாட்டிடம் கேட்டாலும் பழைய பேர்களைக் கொடுத்துக் கேளுங்க, அது சொல்ற புத்தகம் நிஜமா இருக்கானு திறந்து பாருங்க.

இதெல்லாம் எதுக்கு? தொழிற்பேட்டை வருவதற்கு முன் இங்கே எதுவுமே இல்லை, வெறும் பொட்டல் என்று ஒருத்தர் ரொம்பச் சுலபமாச் சொல்லிடலாம். இங்கே ஏரி இருந்தது, அதை நம்பி இத்தனை குடும்பம் இருந்தது என்று பதில் சொல்ல, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் காகிதம் வேணும். காகிதத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் பேச்சை யாரும் மதிக்கிறதில்லை.

கடைசியா ஒண்ணு. பர்னார்டு கணக்கின் தமிழ் ஓலைச்சுவடிகள் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கு. ஆங்கிலச் சுருக்கங்கள் சென்னையில், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். திரையில் தேடி அந்த இடம் வரைக்கும் போகலாம். அதுக்கு மேல, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னைக்கு பஸ் ஏறணும்.